நோம்பிக்கு வைத்த பூச்செடி

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப்பிழை இருக்கும். சொன்னதையே திரும்பவும் சொல்வேன். முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் நம் ஊரில் இருந்துவிட்டு வெளியூர் போன பெண்கள் எல்லாரும் கோயில் விழா மலருக்கு ஆளுக்கு ஒன்று எழுதித் தர வேண்டும் என்று ஊரிலிருந்து கேட்டபோது, நான் அங்கே இருந்தது ஒரு வருஷம்கூட இல்லையே, என்னத்தை எழுதுவது என்று பேசாமல் இருந்துவிட்டேன். கூட்டத்தில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவது அதற்குப் பரவாயில்லை. யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

போன வாரம் மருமகள் மொட்டை மாடியில் பூந்தொட்டி வைக்கப் போகிறேன் என்று தொட்டி, தென்னை நார்த்தூள், விதைப் பாக்கெட் எல்லாம் வாங்கி வந்து பரப்பினாள். செல்போனில் ஒருத்தர் எப்படி விதை போடுவது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, நீங்கள் எப்போதாவது செடி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை கண்ணு என்று சொல்லிவிட்டேன். வைத்திருக்கிறேன். ஒரே ஒரு முறை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது என்றுதான் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் கோயமுத்தூரில் மில்லில் வேலை. அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, என்னைக் கொண்டுவந்து அத்தை வீட்டில் விட்டார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சோமனூர் பஸ்ஸில் இறங்கி நம் ஊருக்கு நடந்துதான் வந்தோம். அத்தை வீட்டு வாசலில் என் துணிப்பையை வைத்துவிட்டு, "அம்மாவுக்கு நல்லானதீம் வந்து கூட்டிட்டுப் போயர்றேன்" என்றார். அம்மாவுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அத்தைக்கும் மாமாவுக்கும் குழந்தை இல்லை. வீட்டில் முன்பாதி முழுக்கத் தறிகள். விடிந்ததும் ஆரம்பிக்கிற சத்தம் விளக்கு வைக்கிற வரைக்கும் கேட்கும். நான் முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டேன். பிறகு அந்தச் சத்தம் நின்றால்தான் எனக்குப் பயமாக இருக்கும். கஞ்சி போட்ட நூலின் வாசனை சோற்றிலும் இருக்கும், பாயிலும் இருக்கும்.

அத்தை எனக்கென்று தனியாக ஒரு தட்டும் டம்ளரும் கொடுத்தார். கழுவி என் தட்டை மட்டும் ஜன்னல் திட்டில் தனியாகக் கவிழ்த்து வைப்பார். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டில் கைக்குக் கிடைத்த தட்டில் சாப்பிடுவோம். இங்கே எனக்கென்று ஒன்று! படுக்கவும் தனிப் பாய், தறிக்கும் சுவருக்கும் நடுவில். நான் விருந்தாளி, அதனால்தான் இத்தனை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. "அம்மா வந்தா போறவதானே" என்றார் அத்தை. அதனால் பகலெல்லாம் எனக்கு வேலை இல்லை. சாயங்காலம் பெண்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து எதிர்வீட்டு வாசலில் கல் ஆடுவார்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். இரட்டைச் சடை, மேல் பல் ஒன்று பாதி உடைந்தது. அவள்தான் அவர்களுக்குத் தலைவி. நான் போய்ப் பக்கத்தில் நிற்பேன். அவர்கள் கல்லை எடுத்துக்கொண்டு எழுந்து அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள். திட்டவும் மாட்டார்கள், சிரிக்கவும் மாட்டார்கள். எழுந்து போய்விடுவார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் நான் அங்கேயும் பின்னால் போனேன். உள்ளேயிருந்து எதிர்வீட்டம்மா, "ஏப்புள்ள, இக்கட்ட வாடி! எத்தன தடவ சொல்றது உனக்கு!" என்று தன் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் டவுனிலிருந்து வந்தவள், எனக்கு ஆடத் தெரியாது என்று நினைக்கிறார்கள் போல என்று வீட்டுக்கு வந்து தனியாகக் கல் ஆடிப் பழகினேன். நன்றாக ஆட வந்தது. யாரும் பார்க்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தறிக்கெல்லாம் செண்டுமல்லி மாலை போட்டுப் பொரிகடலை வைத்துக் கும்பிட்டோம். சில நாள் கழித்து மாலையெல்லாம் காய்ந்தது. அதைக் கழற்றி வீட்டின் பின்புறம், அத்தை பொடக்காளி என்று சொல்கிற இடத்தில், குப்பைக்குழியில் போடச் சொன்னார்கள். போடப் போனேன். குழி ஓரத்தில் ஒரே ஒரு செண்டுமல்லிச் செடி தானாக முளைத்து, அதில் ஒரு பூ நின்றிருந்தது. அதன் காலடியில் பழைய மாலை நூல் மக்கிக் கிடந்தது. போன வருஷத்து மாலையிலிருந்துதான் இது வந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்ததும், கையில் இருந்த மாலையைக் குழியில் போடவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. குளிக்கிற மறைப்புக்கு அடுத்தாற்போல், குளித்த தண்ணீர் ஓடுகிற இடத்தில், ஒடிந்த கரண்டியால் பள்ளம் தோண்டி மாலையை நூலோடு அப்படியே புதைத்தேன். அழுகி எறும்பு வந்ததுதான் மிச்சம். அடுத்த மாலையைப் பிரித்துப் பார்த்தேன். காய்ந்த பூவுக்குள்ளே கறுப்பாக ஊசி மாதிரி விதை, வாலில் வெள்ளை. அதை மட்டும் உருவி, கோலப்பொடி தூவுகிற மாதிரி நெருக்கமாகத் தூவிவிட்டேன். முளைத்தது! பச்சையாக, தலைமுடி மாதிரி அடர்த்தியாக. பிடுங்கி அகலமாக நட வேண்டும் என்று தெரியாமல், எல்லாம் என் பிள்ளைகள் என்று ஒன்றைக்கூடத் தொடாமல் விட்டேன். மெலிந்து மெலிந்து ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. பிறகு உச்சி வெயிலில் பிடுங்கி நட்டு அதில் பாதியைக் கொன்றேன். சாயங்காலம் நட்டால் பிழைக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் மீதியிலும் பாதி போய்விட்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். மாமா வாரத்தில் ஒரு நாள் பின்புறத்தில் நூலுக்குச் சாயம் போடுவார். வெள்ளை நூல் தொட்டிக்குள் போகும், சிவப்பாக வெளியே வரும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். தண்ணீரில் இருக்கிற நிறம்தானே நூலுக்கு வருகிறது, செடிக்கும் அப்படித்தான் வரும் என்று நினைத்தேன். செண்டுமல்லி எல்லாம் மஞ்சளாகவே பூக்கும், ஒரு வரிசையாவது ரத்தச் சிவப்பாகப் பூக்கட்டும் என்று, மிச்சச் சாயத்தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிவிட்டேன். மாமா பார்த்துவிட்டார்.

"என்ன அம்மணி, செடிக்குமா சாயம் போடறே?"

"செவப்பாப் பூக்கட்டும்னுங்க மாமா."

"கெட்டிச் சாயமா, தண்ணி பட்டாப் போற சாயமா? வாங்கறவங்க கேப்பாங்கல்ல?"

தறி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்காமல், "கொளந்தைய எதுக்கு ஓட்டறீங்க? சொன்னாத் தெரிஞ்சுக்கும்" என்று மாமாவைக் கடிந்துகொண்டார். அந்த வரிசை கருகிவிட்டது. மண் மட்டும் வெகுநாள் சிவப்பாக இருந்தது. நூலுக்குப் போடுகிற கஞ்சியையும் ஒரு தடவை ஊற்றினேன். செடிக்குப் பசி எடுக்காதா என்று. கோழிகள் வந்து கிளறித் தின்றுவிட்டுப் போயின.

அதற்குப் பிறகு மாமாவே ஒடிந்த தறிக்குச்சிகளைக் கொண்டுவந்து சுற்றி வேலி நட்டுக் கொடுத்தார். கழிவு நூலை முறுக்கி நான் வேலி கட்டினேன். மஞ்சள், பச்சை, மாம்பழ நிறம். மழைக்குச் சாயம் போகப் போக எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது.

தார் சுற்ற ஒரு அக்கா வருவார். தார் என்றால் நாடாவுக்குள் போடுகிற நூல் கண்டு, உங்களுக்குத் தெரியாததா. அந்த அக்காதான் கோழிக்கொண்டை விதை கொஞ்சம் முந்தானையில் முடிந்து வந்து தந்தார். ராட்டையைச் சுற்றிக்கொண்டே ஒரு நாள் பொங்கல் நோம்பியைப் பற்றிச் சொன்னார்.

"தை நோம்பி முடிஞ்ச மறுநா பூப்பறிக்கற நோம்பி கண்ணு. ஊருப் புள்ளைகெல்லாங் கூடையத் தூக்கிட்டுப் போவாளுக. பூப்பறிச்சு, கும்மியடிச்சு, கொளத்துல கொண்டி உடுவாளுக."

"எங்க போயிப் பறிப்பாங்கக்கா?"

"காட்டுல ஆவாரம்பூ இருக்குது. அப்பறம் ஊட்டுப் பூவுந்தான். அன்னைக்கு யாரூட்டுப் பூவையும் பறிக்கலாம், ஒருத்தரும் ஏன்னு கேக்கக் கூடாது."

"பூ இருக்கற ஊட்டுக்குக் கண்டிப்பா வருவாங்களா?"

"பூவு இருந்தா உட்டுட்டா போவாளுக?" என்று அக்கா சிரித்தார். "வெளக்குமாத்துல பூத்தாலும் பறிச்சுட்டுப் போயிருவாளுக."

அன்றையிலிருந்து எனக்குச் செடி வளர்ப்பது விளையாட்டு இல்லை. நான் போய் நின்றால் அவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு நாள் அவர்களே என்னிடம் வருவார்கள். வந்தால் பறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். அவர்கள் கூடை நிறையும். எங்களோடு வா என்று யாராவது ஒருத்தி சொல்வாள். அப்படியே கூடப் போய்விடலாம். இதுதான் என் திட்டம். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். எதிர்வீட்டுப் பெண்ணுக்கென்று உயரமான செடிகளைப் பின்பக்கச் சந்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வேலி ஓரத்தில் வைத்தேன்.

கார்த்திகை மாதம் என்று நினைக்கிறேன். ஒரு நாள் அத்தை தண்ணீர்க் குடத்தோடு வந்தார். குடத்தை இறக்கி வைக்கவில்லை, போட்டார். பாதித் தண்ணீர் கொட்டிப்போயிற்று. முகம் சிவந்திருந்தது. மாமா என்னவென்று கேட்டதற்கு, "எதிரூட்டுக்காரி சொல்றா, தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, உங்கூட்டுப் புள்ளைய எங்க புள்ளைககூடச் சேத்தாதீங்கன்னு. கொழாயடியில அத்தன பேரு முன்னால!" என்றார். நான் இருப்பதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். நான் வாளியை எடுத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். கொட்டிய தண்ணீரை வாரி வாரி ஊற்றினேன். நமக்கு இருந்தது உப்புத் தண்ணீர்க் கிணறு. குழாய்த் தண்ணீர் செடிக்குக் கிடைப்பது பெரிய விஷயம் அல்லவா.

மார்கழிப் பனியில் மொட்டு விட்டது. முதல் மொட்டைப் பார்த்த காலையில் நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தது. கோழிக்கொண்டை கையால் தடவினால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். செண்டுமல்லி விரலில் ஒட்டிக்கொண்டால் சாப்பிடும்போதும் அந்தக் கசப்பு வாசனை வரும். எனக்கு அது பிடிக்கும்.

அத்தை ஒரு நாள், "சாமிக்கு ரெண்டு பூப் பறிச்சுக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டார்.

"வேண்டாங்கத்தை. பறிக்கவே கூடாதுங்க."

"ஒண்ணே ஒண்ணு?"

நான் வேலிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். "இதென்ன, புள்ள உசுரையே வெச்சிருக்குது இதும்மேல" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். பொங்கலுக்கு முதல் நாள் காப்புக்கட்ட வேப்பிலையும் பூளைப்பூவும் வெளியிலிருந்துதான் கொண்டுவந்தார்கள். என் செடிப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. அத்தை வர விடவில்லை.

அந்த நாள் வந்தது. தறி ஓடவில்லை. அத்தை காலையிலேயே எனக்கு எண்ணெய் வைத்துவிட்டு, எண்ணெய் போக அரப்புத் தூளைக் கரைத்துத் தலையில் தேய்த்தார். அரப்பு கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மறைப்புக்குள் உட்கார்ந்திருந்தேன். அத்தை வெந்நீர் எடுத்து வரப் போனார். அப்போதுதான் கேட்டது. நிறையக் கொலுசுச் சத்தம். சிரிப்பு. பின்பக்கப் படல் கிறீச்சென்று திறந்தது.

"எப்பே, எத்தன பூவுடி!" என்றது ஒரு குரல்.

வந்துவிட்டார்கள். இத்தனை நாள் பழகி வைத்திருந்த வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அரப்புத் தண்ணீர் வாய்க்குள் போயிற்று. அதற்குள் அத்தையின் குரல்.

"ஆர்ரீ அது? கைய எடு! எதுக்குடி வந்தீங்க?"

"பூப்பறிக்கங்க... நோம்பிக்குங்க."

"எந்த மூஞ்சிய வெச்சுட்டு வந்தீங்க? இத்தன நாளா இந்தப் புள்ள ஒண்டியாக் கெடந்துச்சே, ஒருத்தியாவது எட்டிப் பாத்தீங்களா? புள்ள ஆகாது, புள்ள வளத்துன பூ மட்டும் ஆகுதா உங்களுக்கு? போங்கடி அக்கட்ட! போயி உங்காத்தாளுககிட்டச் சொல்லுங்க, நாந்தான் முடுக்கி உட்டேன்னு!"

கொலுசுகள் படல் பக்கம் நகர்ந்தன. அப்புறம் ஒரு குரல், சின்னக் குரல், "அவளையுங் கூட்டிட்டுப் போலாம்னுதானுங்க வந்தோம்" என்றது.

அத்தை படலை இழுத்துச் சாத்திய சத்தம் கேட்டது.

நான் கத்தியிருக்கலாம். இருங்கள் என்று ஒரு வார்த்தை. கண்ணைத் திறக்க முடியவில்லை, உடம்பில் துணி இல்லை, சொம்பு எங்கே என்று தடவிக்கொண்டிருந்தேன். கொலுசுச் சத்தம் சந்து திரும்பிப் போய்விட்டது.

அத்தை வந்து வெந்நீர் ஊற்றினார். அவருக்கு மூச்சு வாங்கியது. ரொம்ப சந்தோஷமாக இருந்தார். "ஒரு எதழத் தொட உடுலயே நானு!" என்றார். அரப்பு போன பிறகும் என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "அழுவாத சாமி. பூவுக்கு ஒண்ணும் ஆகுல. பூவெல்லாம் அப்பிடியே இருக்குது பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

மாமாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "நோம்பி நாளும் அதுவுமா கொளந்தைகளப் போயி முடுக்கிப்போட்டயே" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, ஒரு கூடையை என் கையில் கொடுத்து, "நீ பறிச்சுட்டுப் பின்னால ஓடு அம்மணி. கொளத்துக்குத்தான் போயிருப்பாளுக" என்றார். கூடையை வாங்கிக்கொண்டு படல் வரைக்கும் போனேன். துரத்திவிட்ட வீட்டுப் பெண் எந்த முகத்தோடு போய் நிற்பது? அங்கேயே நின்றேன். குளத்துப் பக்கமிருந்து கும்மிச் சத்தம் கேட்டது. தறி ஓடாததால் நன்றாகவே கேட்டது. அது நிற்கிற வரைக்கும் நின்றுவிட்டு, கூடையைக் கொண்டுவந்து இருந்த இடத்தில் வைத்தேன்.

அந்தப் பூக்களை யாரும் பறிக்கவில்லை. அத்தை பறிக்க விடவில்லை, நானும் பறிக்கவில்லை. செடியிலேயே காய்ந்தன. மாசியில் அப்பா வந்தார். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். அத்தை பஸ் வரைக்கும் வந்து, தெருவென்றும் பார்க்காமல் அழுதார்.

அம்மாவுக்கு வந்தது நெஞ்சு நோய், காசநோய் என்று எனக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்த பிறகுதான் அம்மாவே சொன்னாள். அப்போதுதான் கல்லை எடுத்துக்கொண்டு அவர்கள் ஏன் எழுந்து போனார்கள் என்று புரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஏன் சேர்க்கவில்லை என்று புரிந்தது. அந்தத் தனித் தட்டும் புரிந்தது. அத்தையும் பயந்துதான் இருந்திருக்கிறார். பயந்துகொண்டேதான் என் தலைக்கு அரப்புத் தேய்த்திருக்கிறார். எனக்கு ஒரு நோயும் இல்லை. இதைச் சொல்லி யாரைக் குறை சொல்வது? அத்தை இருந்த வரைக்கும், என் பூவைக் காப்பாற்றிக் கொடுத்த கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஊரில் இருக்கிற யாராவது சரிபார்த்துக் கொடுங்கள். கும்மியடித்தது பெரிய குளத்திலா, கோயில் கிணற்றடியிலா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. குடம் கொட்டியது கார்த்திகைக்கு முந்தியும் இருக்கலாம். அதெல்லாம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தோம் என்று சொன்ன அந்தக் குரல். என் கண் மூடியிருந்தது, யார் என்று பார்க்கவில்லை. ஒரு சமயம் நிச்சயமாகக் கேட்டேன் என்று இருக்கிறது. ஒரு சமயம் இத்தனை வருஷத்தில் நானே சேர்த்துக்கொண்டேனோ என்றும் இருக்கிறது. அன்றைக்குக் கூடையோடு வந்தவர்களில் யாராவது இதைப் படித்தால், அப்படி ஒருத்தி சொன்னாளா என்று சொல்லுங்கள். சொல்லவில்லை என்றாலும் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துக் கொடுத்துவிடுகிறேன்.